பயம் சரி, இடம்தான் தப்பு

மருந்துச் சீட்டில் நான்கு வரி இருக்கும். கடைக்கு வரும் தகப்பன் முதல் மூன்றையும் வாங்கிக்கொண்டு, நான்காவது வரியில் விரலை வைத்து, "இது இப்ப வேணாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். அந்த நான்காவது வரி இன்ஹேலர். மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று காலம் தள்ளிய எனக்கு இது பழகிய காட்சி. காசுதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஆள் அடுத்த மாதம் அதைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து நெபுலைசர் மெஷினை வீட்டுக்கு வாங்கிப் போவார். மெஷின் வைத்தால் வைத்தியம், பஃப் அடித்தால் முற்றிப்போன கேஸ் என்று ஒரு கணக்கு நம் ஊரில் எப்படியோ ஊறிவிட்டது.

கீழ்வீட்டுப் பெண் ஒரு மாலை மாடியேறி வந்தாள். ஐந்து வயதுப் பையனுக்கு ராத்திரியானால் இருமல், ஓடினால் இளைப்பு. "டாக்டர் தினமும் ரெண்டு வேளை பஃப் அடிக்கச் சொல்றார் அங்கிள். ஸ்டீராய்டாமே. எங்க அத்தை, ஒருதரம் ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதுங்கறாங்க. சிரப்பா மாத்தித் தரச் சொல்லிக் கேக்கலாமா?" வீட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். உட்காரம்மா என்றேன். அன்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், இன்ஹேலர் என்பது மருந்தின் பெயரில்லை, மருந்தை உள்ளே அனுப்பும் கருவி. அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வகை எழுதுவார்கள். சால்பூட்டமால் ஒன்று. ஆஸ்தாலின் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகியிருக்கும் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. இரண்டாவது, தினமும் போட வேண்டிய தடுப்பு மருந்து: புடெசோனைடு, ஃப்ளூட்டிகசோன், பெக்ளோமெத்தசோன். இவை ஸ்டீராய்டு. வீக்கத்தை மெதுவாக, நாள்கணக்கில் வாரக்கணக்கில் வற்ற வைக்கும். அடித்தவுடன் எதுவும் தெரியாது. அதனாலேயே, "இது வேலை செய்யல" என்று அம்மாக்கள் இதை மூலையில் போட்டுவிட்டு முதலாவதை மட்டும் அடித்துக்கொண்டிருப்பார்கள். டப்பாவின் நிறத்தை வைத்து எது எது என்று முடிவு செய்யாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெயரைப் படியுங்கள்.

இனி சிரப்புக் கணக்கு. சால்பூட்டமால் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம். அதே சால்பூட்டமால் சிரப்பில், ஒரு டீஸ்பூனுக்கு, அதாவது 5 மில்லிக்கு, 2 மில்லிகிராம். மைக்ரோகிராமில் சொன்னால் 2,000. ஒரு ஸ்பூன் சிரப், இருபது பஃப். நெபுலைசரில் ஊற்றும் சிறு குப்பியில் 2.5 மில்லிகிராம்; இருபத்தைந்து பஃப். "பஃப் ஸ்ட்ராங், சிரப் லைட்" என்கிறோமே, அளவைப் பார்த்தால் கதை தலைகீழ். சிரப் வயிற்றில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்குப் போகும். வேலை செய்ய நேரமாகும். போகிற வழியில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பிள்ளை தூங்காமல் ஆட்டம் போடும். கண்வலிக்குக் கண்ணில்தானே சொட்டு விடுகிறோம், குடிக்கவா கொடுக்கிறோம்? ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் கீனா அமைப்பும் சால்பூட்டமாலை வாய்வழி தர வேண்டாம் என்றே சொல்கிறது. நம் கடைகளில் சளி சிரப் என்ற பெயரில் இதே வகை மருந்து இன்னும் இரண்டு மருந்துகளோடு கலந்து தினமும் விற்றுக்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.

"சரி அங்கிள், அது ஸ்டீராய்டு இல்லையே. தினமும் போடச் சொன்னது ஸ்டீராய்டாச்சே" என்றாள். நியாயமான கேள்வி.

ஜிம்மில் தசை ஏற்றப் போடும் ஸ்டீராய்டு வேறு குடும்பம், அதை விட்டுவிடலாம். ஆஸ்துமா ஸ்டீராய்டில் பயப்பட வேண்டிய கதைகள் பெரும்பாலும் வாய்வழி தரும் மருந்தில் வந்தவை. முகம் ஊதுவது, எடை ஏறுவது, எலும்பு தேய்வது எல்லாம் மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் சாப்பிட்டவர்களிடம் பார்த்தவை. கடும் இளைப்பில் 16 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்று பிரெட்னிசோலோன் கொடுத்தாலும் நாளைக்கு 16 மில்லிகிராம். அதே குழந்தைக்குத் தடுப்பு மருந்தாக எழுதும் குறைந்த அளவு புடெசோனைடு நாளைக்கு 200 மைக்ரோகிராம், மில்லிகிராமில் 0.2. எண்பதில் ஒரு பங்கு. கடைக்காரன் கணக்கென்று யாரும் சொல்லிவிடக் கூடாது, ஒரு திருத்தமும் சேர்க்கிறேன்: எடைக்கு எடை புடெசோனைடு வீரியம் கூடிய மருந்து. ஆகவே எண்பது மடங்கு வித்தியாசம் உடம்பில் அப்படியே தெரியாது. ஆனால் இன்னொன்றும் உண்டு. அடிக்கும் மருந்தில் தொண்டையில் படிந்து விழுங்கப்படும் பகுதியை ஈரல் வடிகட்டிவிடும். புடெசோனைடில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கேயே செயலிழக்கும். ஃப்ளூட்டிகசோனில் விழுங்கியது ரத்தத்துக்கு வருவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

உயரம் குறையுமா? குறையும். இதை மூடி மறைக்கும் டாக்டர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. மறைத்தால், பிறகு வேறு யாராவது சொல்லும்போது பெற்றோர் மொத்தத்தையும் நம்பாமல் போய்விடுவார்கள். எவ்வளவு குறையும் என்பதற்கு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் எட்டு நகரங்களில் 5 முதல் 12 வயது வரையுள்ள 1,041 ஆஸ்துமாக் குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பிரிவுக்குப் புடெசோனைடு நாளைக்கு 400 மைக்ரோகிராம், ஒரு பிரிவுக்கு நெடோக்ரோமில் என்ற வேறு மருந்து, ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்றுப் பஃப் என்று நான்கு முதல் ஆறு வருடம் கொடுத்தார்கள். கேம்ப் ஆய்வு என்று பெயர். 2000ஆம் ஆண்டில் முடிவு வந்தது. புடெசோனைடு பிள்ளைகள் மற்றவர்களைவிட 1.1 சென்டிமீட்டர் குட்டை. அதோடு விடவில்லை, அவர்கள் வளர்ந்து முழு ஆளாகும்வரை தொடர்ந்து அளந்து 2012இல் மறுபடி வெளியிட்டார்கள். வித்தியாசம் 1.2 சென்டிமீட்டர். அதாவது முதல் இரண்டு வருடத்தில் விழுந்த சிறு இடைவெளி அப்படியே நின்றது, வருடத்துக்கு வருடம் பெருகவில்லை. அதுவும் நான் முன்னே சொன்ன குறைந்த அளவைப் போல இரு மடங்கில்.

அந்த ஒரு சென்டிமீட்டருக்கு என்ன கிடைத்தது? வெற்றுப் பஃப் அடித்த பிள்ளைகளில் நூறு பேருக்கு வருடத்துக்கு 4.4 முறை ஆஸ்பத்திரி அட்மிஷன். புடெசோனைடு பிள்ளைகளில் 2.5. அவசரமாக டாக்டரிடம் ஓடியது 22 முறையிலிருந்து 12 ஆகக் குறைந்தது. எலும்பின் அடர்த்தியில் வித்தியாசம் இல்லை. அதே பிள்ளைகளைப் பின்னாளில் தொடர்ந்து பார்த்தபோது, பையன்களின் எலும்பைக் கண்கூடாகப் பாதித்தது அடிக்கடி இளைப்பு வந்து வாய்வழி ஸ்டீராய்டு எடுத்ததுதான். பஃப்புக்குப் பயந்து வருடத்துக்கு நாலைந்து தடவை ஸ்டீராய்டு மாத்திரைக்கும் ஊசிக்கும் போகிறவர்கள் எதிலிருந்து தப்பி எதில் மாட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

மற்ற தொந்தரவுகள் சில்லறை. வாயில் வெள்ளை படரலாம், குரல் கம்மலாம். பஃப் அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால், ஸ்பேசர் என்ற, பஃப்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் குழலை வைத்து அடித்தால், பெரும்பாலும் வராது. பல் தேய்ப்பதற்கு முன்னால் பஃப் என்று வழக்கப்படுத்திவிட்டால் கொப்பளிப்பது தானாக நடந்துவிடும்.

சில்லறை அல்லாத ஒன்றும் உண்டு. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி நம் உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கிறது. வெளியிலிருந்து அதிகமாக வந்துகொண்டே இருந்தால் அது வேலையைக் குறைத்துக்கொள்ளும். பிரிட்டனில் 2002இல் வந்த ஒரு கணக்கெடுப்பில், இன்ஹேலர் ஸ்டீராய்டால் சுரப்பி கைவிட்டுப்போன 28 குழந்தைகள் பதிவானார்கள். ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து, வலிப்பு, மயக்கம் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பலர். ஆபத்தான விஷயம்தான். ஆனால் அந்தக் கணக்கில் ஏறக்குறைய எல்லாருமே ஃப்ளூட்டிகசோன் நாளைக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை எடுத்தவர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வழக்கமாகத் தருவது 100 முதல் 200. ஆக, இங்கே ஆபத்து அளவில் இருக்கிறது. ஏற்றிய அளவை இறக்க மறந்துவிட்ட சீட்டில் இருக்கிறது. மூன்று மாதம் பிள்ளை நன்றாக இருந்தால் அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் அதையே வாங்கிக்கொண்டிருப்பவர்களை நான் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களும் சரி, பெரிய அளவில் போய்க்கொண்டிருக்கும் மருந்தை யாரோ சொன்னார்கள் என்று ஒரே நாளில் நிறுத்துகிறவர்களும் சரி, இரண்டு பேருமே தப்பு செய்கிறார்கள்.

"விட முடியாதாமே?" அத்தையின் கேள்வி இன்னும் பாக்கி. பஃப்புக்கு உடம்பு அடிமையாவதில்லை. தடுப்பு மருந்து வீக்கத்தை அடக்கி வைக்கிறது. நிறுத்தினால், நோய் இன்னும் இருக்கிற பிள்ளைக்கு வீக்கம் திரும்புகிறது. கேம்ப் ஆய்விலும் மருந்தை நிறுத்தியபின் அதன் பலன் நிலைக்கவில்லை. இது நோயைக் குணப்படுத்தும் மருந்தில்லை, கட்டுக்குள் வைக்கும் மருந்து. நல்ல செய்தி, பல குழந்தைகளுக்கு வயது ஏற ஏற இளைப்பு தானாகக் குறைந்துவிடும். அப்போது பஃப்பும் போய்விடும். அதுவரை விடாமல் போட்டுவந்தால், புரட்டாசி வரை சும்மா இருந்துவிட்டு, ஐப்பசி மழையும் தீபாவளிப் புகையும் வந்ததும் தேடி எடுப்பது, போகிக்கு மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பது என்ற வருடாந்திரச் சுற்றிலிருந்து தப்பலாம்.

இன்ஹேலர் மீதான பயம் முழுக்க ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன். இன்ஹேலர் பிள்ளைகளைக் கொன்ற காலம் ஒன்று இருந்தது. எது கொன்றது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று நாம் பார்க்கும் அழுத்தி அடிக்கும் பஃப் பிறந்ததே ஒரு சிறுமியால். 1955இல் அமெரிக்காவின் ரைக்கர் மருந்துக் கம்பெனித் தலைவர் ஜார்ஜ் மேசனிடம், ஆஸ்துமா இருந்த அவருடைய 13 வயது மகள், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தும் ஏன் டப்பாவில் வரக் கூடாது என்று கேட்டாள். அடுத்த வருடமே கடைக்கு வந்துவிட்டது. உள்ளே இருந்தது ஒன்றில் எபிநெஃப்ரின், இன்னொன்றில் ஐசோபிரினலின். இரண்டும் குழாயைத் திறக்கும் மருந்து. சால்பூட்டமாலின் முன்னோர்கள், ஆனால் இதயத்தையும் சேர்த்து அடிக்கிறவை. 1960களில் பிரிட்டனில் வீரியம் கூட்டிய ஐசோபிரினலின் பஃப் புழக்கத்துக்கு வந்தது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே ஆஸ்துமா மரணம் ஏழு வருடத்தில் ஏறக்குறைய எட்டு மடங்கானது. 1966இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த வயதில் இறந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் ஆஸ்துமாவால் இறந்தார்கள். எச்சரிக்கை வந்து விற்பனை குறைந்ததும் மரணமும் குறைந்தது. 1976இல் நியூசிலாந்தில் ஃபெனோடெரால் என்ற இன்னொரு திறப்பு மருந்து வந்தது; மறுபடி மரணங்கள் ஏறின; மறுபடி, மருந்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் இறங்கின. வீரிய மருந்தே இதயத்தைத் தாக்கியதா, அல்லது பஃப் அடித்தால் சற்று நேரம் நிம்மதி என்பதால் வீக்கம் முற்றும்வரை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தார்களா என்று நிபுணர்கள் நெடுநாள் சண்டை போட்டார்கள். இரண்டும் சேர்ந்திருக்கலாம். கவனிக்க வேண்டியது: முதல் ஸ்டீராய்டு இன்ஹேலரான பெக்ளோமெத்தசோன் வந்தது 1972இல்தான். அதற்கு முந்தைய பதினாறு வருடம், குழாயைத் திறக்க பஃப் இருந்தது, வீக்கத்தை வற்ற வைக்க பஃப் இல்லை.

கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்தில் முப்பதாயிரம் ஆஸ்துமாக்காரர்களின் மருந்துப் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். முந்தைய வருடத்தில் ஒரு டப்பா ஸ்டீராய்டு இன்ஹேலர் கூடுதலாக வாங்கியவர்களுக்கு, டப்பாவுக்கு 21 சதவீதம் வீதம் மரண அபாயம் குறைந்திருந்தது. 2000இல் வெளியான முடிவு. பிரிட்டனில் 2014இல் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, மருந்துக் கணக்கு கிடைத்த 165 பேரில் 65 பேர், இறப்பதற்கு முந்தைய வருடத்தில் பன்னிரண்டுக்கும் மேல் திறப்பு பஃப் வாங்கியவர்கள். மாதத்துக்கு ஒன்றுக்கும் மேல். 2019இல் கீனா தன் வழிகாட்டுதலையே மாற்றி, 12 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் சால்பூட்டமாலை மட்டும் தனியாகத் தர வேண்டாம் என்றது. அதைவிடச் சிறிய பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஏதோ ஒரு வகையில் ஸ்டீராய்டு சேர வேண்டும் என்பதே இப்போதைய நிலை.

கீழ்வீட்டுப் பெண் பயந்ததோ தடுப்பு பஃப்புக்கு. அவள் பயமில்லாமல் கேட்டது சிரப். நம் கடைகளில் சீட்டில்லாமல் பயமில்லாமல் கேட்டு வாங்குவது ஆஸ்தாலின். உலகில் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் இந்தியர்கள் என்று உலக நோய்ச்சுமைக் கணக்கு சொல்கிறது; நோயாளிகளில் நம் பங்கு அதில் பாதிகூட இல்லை. இவ்வளவுக்கும் சால்பூட்டமாலும் புடெசோனைடும் நம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன.

மாத்திரையில் போகலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாண்டிலூகாஸ்ட் என்ற மாத்திரை, சப்பிச் சாப்பிடும் வடிவிலும் சிரப்பிலும் வருவது, நம் ஊரில் ஏராளமாகப் போகிறது. சில குழந்தைகளிடம் கெட்ட கனவு, எரிச்சல், மூர்க்கம், மனச்சோர்வு தென்பட்டதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் இதற்குத் தன் ஆகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. எல்லாப் பிள்ளைக்கும் வருவதில்லை. சாப்பிடும் பிள்ளையின் குணம் மாறியதாகத் தோன்றினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவே. பெயரில்லாத இளைப்புப் பொடிகளைப் பற்றியும் ஒன்று: டக்கென்று கேட்கிறது என்று புகழ்கிற பொடிக்குள் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு அளவில்லாமல் கலந்திருப்பது பல தடவை சோதனையில் பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு வேண்டாமென்று ஓடி அதையே அளவு தெரியாமல் வாங்கி வருகிறோம்.

மருந்து சரியாக இருந்தும் வேலை செய்யாமல் போவதற்கு முக்கியக் காரணம் அடிக்கும் விதம். பெரியவர்களுக்கே பஃப்பை அழுத்துவதும் மூச்சிழுப்பதும் ஒரே நேரத்தில் வராது. பிள்ளைக்கு எப்படி வரும்? நேராக வாயில் அடித்தால் பெரும்பகுதி தொண்டையில் படியும். ஆகவே ஸ்பேசர் கட்டாயம், நான்கு வயதுக்குள் என்றால் முகமூடியோடு. டப்பாவை நன்றாகக் குலுக்கி, முகமூடி கன்னத்தில் இடைவெளியில்லாமல் பதிய, ஒரு பஃப் மட்டும் அழுத்தி, ஐந்தாறு மூச்சு சாதாரணமாக விட்டு வாங்கச் சொல்லுங்கள். இரண்டு பஃப் எழுதியிருந்தால் மறுபடி குலுக்கி முதலிலிருந்து. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மருந்து ஸ்பேசர் சுவரில்தான் ஒட்டும். பிள்ளை அழும்போது அடிப்பதில் பயனில்லை. அழுகையில் மருந்து உள்ளே போவதில்லை. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் வந்து மருந்தை இழுத்துக்கொள்ளும். ஸ்பேசர் வாங்க வழியில்லாத ஊரில் என்ன செய்வது என்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் ஸார் குழுவினர் யோசித்தார்கள். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பஃப் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, இடைவெளியை அடைத்து, இளைப்பில் வந்த பிள்ளைகளிடம் சோதித்தார்கள். கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. 1999இல் லான்செட் இதழில் வந்தது. தெர்மோகோல் கப் மட்டும் தேறவில்லை.

டப்பா தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்காதீர்கள், அது நம்பகமான முறை இல்லை. எண் காட்டும் டப்பாவாக வாங்குங்கள், அல்லது எழுதி வையுங்கள். 200 பஃப் கொண்ட சால்பூட்டமால் டப்பா வருடத்துக்கு மூன்று தீர்ந்தாலே பிள்ளையின் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். திறப்பு பஃப் பள்ளிப் பைக்குள்ளும் இருக்க வேண்டும், ஆபீஸ் ரூம் பீரோவில் பூட்டி வைக்க விடாதீர்கள். பேசும்போது வாக்கியம் முடிக்க முடியாமல் திணறினாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்கிடையே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பஃப் அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். காலையில் பார்க்கலாம் என்பது கூடாது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பஃப்பையும் ஸ்பேசரையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் முன்னால் பிள்ளையைப் பஃப் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை மைக்ரோகிராம் போகிறது, எப்போது குறைத்துப் பார்க்கலாம்? இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்ல மறுப்பவர் என்றால், வேறு டாக்டரைப் பாருங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்.